ஆட்-ஆன் கார்டு மனைவியின் கணக்கில் ஏறாது

உங்கள் கிரெடிட் கார்டோடு சேர்த்து வாங்கிய ஆட்-ஆன் (கூடுதல்) கார்டை மூன்று வருடம் பயன்படுத்தியும் உங்கள் மனைவியின் சிபில் (கடன் மதிப்பெண்) ஏன் -1 என்றே நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்: அந்தக் கார்டின் கடன் உங்கள் பெயரில் இருக்கிறது. நல்ல பெயரும் உங்களுக்கே போகிறது. -1 மோசமான மதிப்பெண் அல்ல. கடன் வரலாறே இல்லை என்று பொருள்.

அவர் பெயரில் பிக்சட் டெபாசிட் போட்டு, அதன் பிணையில் கிரெடிட் கார்டு கேளுங்கள். சம்பளச் சான்று பொதுவாகத் தேவைப்படாது. வரம்பு 20,000 ரூபாய் என்றால் மளிகை, கேஸ் என்று 6,000க்குள் நிறுத்தி, கெடுவுக்கு முன் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம். மதிப்பெண் தெரிய ஆறு மாதமாவது ஆகும்.

முதலில் அவருடைய பான் எண்ணைக் கொடுத்து இலவசக் கடன் அறிக்கை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒன்று கிடைக்கும். திருப்பாதிரிப்புலியூர் அடகுக்கடையில் வைத்து மீட்டதாக நீங்கள் சொன்ன சங்கிலி அதில் இருக்காது. வங்கி நகைக்கடன் என்றால் வரவேண்டும். வராவிட்டால் பெயரோ பான் எண்ணோ பொருந்தாமல் போயிருக்கலாம். கடன் வரலாற்றை நாங்கள் இரண்டு வளையலை வங்கியில் அடகு வைத்துத்தான் தொடங்கினோம். தேவையில்லாத கடனுக்கு வட்டி கட்டியது இன்றும் உறுத்துகிறது.

ஒன்று கவனியுங்கள்: டெபாசிட்டுக்கு நீங்கள் பணம் கொடுத்தால், அதன் வட்டி வருமான வரிக்கு உங்கள் வருமானத்தோடுதான் சேரும். கார்டை மூடும்வரை அந்தப் பணத்தை எடுக்கவும் முடியாது.