கடிகாரமும் கையும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் சதுரங்கப் போட்டிக்குக் கைநடுக்கம் உள்ள ஒருவர் பெயர் கொடுத்திருக்கிறார். 3 நிமிடமும், நகர்வுக்கு 2 நொடியும் தரும் பிளிட்ஸ் (அதிவேக) போட்டி அது. அவருக்குக் கூடுதல் நேரம் கொடுக்க நினைக்கிறோம். எவ்வளவு கொடுப்பது? எதிராளிகள் சலுகை என்று முணுமுணுக்க மாட்டார்களா?
— போட்டி அமைப்பாளர்

பதில்: முணுமுணுப்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஆட்டம் 60 நகர்வு போனால் ஒருவருக்குக் கிடைப்பது 180 நொடியோடு 60 முறை 2 நொடி, ஆக 300 நொடி. ஒவ்வொரு நகர்வுக்கும் காயை எடுத்து வைத்துக் கடிகாரத்தைத் தட்ட அவர் கைக்கு 5 நொடி பிடித்தால் அந்த 300 நொடியும் கைக்கே போய்விடும். யோசிக்க ஒரு நொடிகூட மிஞ்சாது. 2 நொடியில் தட்டிவிடும் எதிராளிக்கோ யோசிக்க முழுதாக 180 நொடி இருக்கிறது.

எவ்வளவு என்பதை ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். அவரைப் பலகை முன் உட்கார வைத்து 20 நகர்வுகளை வாசியுங்கள். அவர் நகர்த்திக் கடிகாரத்தைத் தட்டட்டும். யோசனைக்கு இதில் இடமில்லை, கைவேலை மட்டுமே. அவருக்கு 100 நொடியும் இன்னொருவருக்கு 40 நொடியும் ஆனால் வித்தியாசம் நகர்வுக்கு 3 நொடி. அவர் பக்கத்தில் மட்டும் 2 நொடியை 5 ஆக்குங்கள். 60 நகர்வில் 480 நொடி கிடைக்கும். கைக்கு 300 போக, யோசிக்க 180. எதிராளிக்கும் அதேதான்.

மொத்தமாக 3 நிமிடத்தைத் தொடக்கத்திலேயே கொடுப்பது சுலபம்தான், ஆனால் தவறு. 25 நகர்வில் முடியும் ஆட்டத்தில் அது உண்மையிலேயே சலுகையாகிவிடும். 90 நகர்வு இழுத்தால் போதாது. தாமதம் நகர்வுக்கு நகர்வு வருவது, ஈடும் அப்படியே வர வேண்டும். கை சோர்ந்தால் நடுக்கம் கூடும் என்பதால் ஒரு மணி நேரம் ஆடிய பிறகு இன்னொரு முறை அளந்து, இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரு பக்கத்துக்கும் வெவ்வேறு கூடுதல் நொடி வைக்கக்கூடிய டிஜிட்டல் கடிகாரம் வேண்டும். முந்தின நாளே வைத்துப் பாருங்கள். வழக்கமாகப் பிசகுவது இரண்டாவது சுற்றில்: கடிகாரத்தை மறுபடி வைக்கும் தன்னார்வலர் பழைய அமைப்பையே விட்டுவிடுவார், ஆட்டக்காரரோ இப்போது கடிகாரத்தின் மறுபக்கத்தில் இருப்பார். எந்தப் பக்கம் எத்தனை நொடி என்று ஒரு சீட்டில் எழுதிக் கடிகாரத்தின் அடியில் ஒட்டிவிடுங்கள், சுற்றுக்குச் சுற்று அதைச் சரிபாருங்கள். சுற்றுகளுக்கிடையே 5 நிமிடம் கூடுதலாக விட்டால் அட்டவணை பிந்தாது. தரப்புள்ளி (ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண்) கணக்கிடப்படும் போட்டியென்றால் சமமில்லாத நேரத்துக்கு முன்பே எழுத்தில் அனுமதி வாங்கி, அதைப் போட்டி அறிவிப்பிலேயே போடுங்கள். முதல் சுற்று தொடங்கியபின் அறிவித்தால்தான் சண்டை வருகிறது.

கேள்வி: என் தம்பிக்குக் கைகளை அசைக்க முடியாது. அவனுக்காக நான் காய் நகர்த்துவேன் என்றதற்கு, உதவியாளர் வைத்தால் அவன் நேரத்தில் கொஞ்சம் குறைப்போம் என்கிறார் நடுவர். இது சரியா?
— ஆட்டக்காரரின் அக்கா

பதில்: சரியில்லை. காய் நகர்த்தவோ கடிகாரத்தைத் தட்டவோ நகர்வுகளை எழுதவோ முடியாதவர் உதவியாளரை வைத்துக்கொள்ள ஃபிடே (பன்னாட்டு சதுரங்கக் கூட்டமைப்பு) விதிகளே இடம் தருகின்றன. அந்த உதவியாளர் நடுவருக்கு ஏற்புடையவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடிகாரத்துக்கும் எழுதுவதற்கும் உதவியாளர் வைத்தால் நடுவர் நேரத்தைச் சரிக்கட்ட வேண்டும் என்று ஒரு வரி உண்டு. அதற்கு அடுத்த வரியிலேயே, மாற்றுத்திறனாளிக்கு இது பொருந்தாது என்று இருக்கிறது. உங்கள் நடுவர் முதல் வரியோடு நின்றுவிட்டார் போலிருக்கிறது. விதிப்புத்தகத்தை எடுத்துப்போய்ப் பணிவாகக் காட்டுங்கள்.

இனி நீங்கள் பழக வேண்டியது. "குதிரை எஃப்3" என்றால் இரண்டு குதிரைக்கும் அந்தக் கட்டம் எட்டும்போது குழப்பம் வரும். "ஜி1 – எஃப்3" என்று புறப்படும் கட்டத்தையும் சேரும் கட்டத்தையும் தம்பி சொல்லட்டும். மெல்லிய குரலில் பி, சி, டி, ஈ, ஜி எல்லாம் ஒன்றுபோலவே காதில் விழும். பார்வையற்றோருக்கான ஃபிடே விதியில் இதற்கு நல்ல வழி இருக்கிறது: அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்டாவ், ஹெக்டர் என்று ஏ முதல் ஹெச் வரையிலான எட்டு வரிசைக்கும் பெயர். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சும் சிரமமென்றால் எழுத்து எட்டும் எண் எட்டும் அச்சிட்ட அட்டையைக் கண்ணால் காட்டச் சொல்லலாம்.

நீங்கள் தவறான காயைத் தொட்டுவிட்டால்? தம்பி சொன்னதுதான் நகர்வு, தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதி உதவியாளர் கை தவறியதற்குப் பொருந்தாது என்பதை ஆட்டத்துக்கு முன்பே நடுவர் வாயால் எதிராளி கேட்கச் சொல்ல வைத்துவிடுங்கள். முகபாவம், பெருமூச்சு, ஒரு கட்டத்தையே வெறித்துப் பார்ப்பது எல்லாம் சைகையாகப் படும். கட்டங்களின் பெயர் தெரிந்து, ஆட்டத்தில் பெரிய தேர்ச்சி இல்லாதவரே நல்ல உதவியாளர்.

கேள்வி: எனக்கு இடது கை மட்டுமே இயங்கும். சக்கர நாற்காலியில் வருகிறேன். கடிகாரம் எப்போதும் என் வலப்பக்கம் அமைந்துவிடுகிறது.

பதில்: நகர்த்திய கையாலேயே கடிகாரத்தைத் தட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே ஒவ்வொரு நகர்வுக்கும் உங்கள் கை பலகையைக் குறுக்கே கடந்து போய் வர வேண்டியிருக்கிறது. சட்டை நுனி பட்டுக் காய் விழுவதும் இதனால்தான். கடிகாரம் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் நடுவர். எல்லாக் கடிகாரமும் ஒரே திசை பார்த்தால்தான் மேற்பார்வைக்கு வசதி என்று அவர் தயங்கினால், கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். நீங்களும் எதிராளியும் மேசையின் பக்கங்களை மாற்றி உட்காருங்கள், பலகையை அரைவட்டம் திருப்புங்கள். கடிகாரம் தானாக உங்கள் இடக்கைப் பக்கம் வந்துவிடும்.

மேசையடியில் முழங்காலுக்கு 70 செ.மீ. உயரமாவது வேண்டும், குறுக்குச் சட்டம் இருக்கக் கூடாது. வரிசைகளுக்கிடையே 90 செ.மீ., திரும்பும் இடத்தில் 150 செ.மீ. விடச் சொல்லுங்கள். 5.5 செ.மீ. கட்டமுள்ள பலகை 44 செ.மீ. நீளம், எட்டாவது வரிசை எட்டவில்லையென்றால் 4.5 செ.மீ. கட்டப் பலகை கேளுங்கள், 8 செ.மீ. மிச்சமாகும். வெற்றி கூடக் கூட மேல் மேசைகளுக்குப் போக வேண்டிவரும். எல்லாச் சுற்றும் வரிசைக் கோடியிலுள்ள ஒரே மேசை என்று பதிவின்போதே நிலைப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எழுத்து ஓடுகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் போட்டியில், கை ஒத்துழைக்காத இதே சிக்கலுக்கு என்ன வழி?

பதில்: அங்கே ஆளுக்கு 25 நிமிடம், தாண்டினால் நிமிடத்துக்கு 10 புள்ளி கழிவு. ஓடுகளைப் பலகையில் வைத்து, புள்ளியைச் சொல்லி, கடிகாரத்தைத் தட்டிய பிறகுதான் பையிலிருந்து புது ஓடு எடுப்பது. அதனால் பைக்குள் கை தடுமாறும் நேரம் உங்கள் கணக்கில் ஏறாது. ஓடு வைப்பதும் கூட்டுவதும்தான் ஏறும். அந்த இரண்டை மட்டும் உதவியாளரிடம் விடுங்கள். சொல்லோடு இடத்தையும் கூறுங்கள்: 8ஜி என்றால் குறுக்காக, ஜி8 என்றால் நெடுக்காக. எழுத்து தெரியாமலிருக்கப் பையைக் கண்ணுக்கு மேலே தூக்கித்தான் ஓடு எடுக்க வேண்டும்; அப்படித் தூக்க முடியாதவருக்கு ஓடு எடுத்துத் தருபவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுக்க வேண்டும்.