ஸ்மார்ட் பம்ப் சந்தேகமா, கேளுங்க: டிரக் லைப்ரரி பாக்குற பார்மசிஸ்ட் பதில்

நான் கிளினிக்கல் பார்மசிஸ்ட், ஐசியூல ரத்தக்குழாய் வழியா மருந்த அளந்து ஏத்துற பம்புக்கெல்லாம் டிரக் லைப்ரரி செட் பண்றது தான் என் வேலை. வந்த கேள்விகளை வரிசையா எடுத்துக்கிறேன்.

கேள்வி: சாதா பம்புக்கும் ஸ்மார்ட் பம்புக்கும் என்ன வித்தியாசம்?

சாதா பம்புக்கு மணிக்கு எத்தனை எம்எல்ங்கிறது மட்டும் தான் தெரியும், 10க்கு பதிலா 100 அடிச்சாலும் அப்படியே ஓட்டிடும். ஸ்மார்ட் பம்புக்குள்ள எந்த மருந்து, என்ன கான்சன்ட்ரேஷன், எந்த வார்டுல எவ்ளோ டோஸ் வரைக்கும் போலாம்னு ஒரு லிஸ்ட் இருக்கும், அது தான் டிரக் லைப்ரரி. சாஃப்ட் லிமிட்ட தாண்டினா எச்சரிக்கும், யோசிச்சு பாத்து சரின்னா ஓவர்ரைடு பண்ணலாம், அதாவது எச்சரிக்கைய தாண்டி ஓட்டலாம். ஹார்ட் லிமிட்ட தாண்டினா ஸ்டார்ட்டே ஆகாது, டோஸ மாத்தித்தான் ஆகணும்.

கேள்வி: நிஜத்துல எந்த மாதிரி தப்பை பிடிக்கும் மேடம்?

சைபர் ஒண்ணு கூடிப்போறது, புள்ளி விட்டுப்போறது, யூனிட் மாறிப்போறது, இதெல்லாம் நல்லா பிடிக்கும். உதாரணத்துக்கு பிபிய ஏத்துற நார்அட்ரினலின் நிமிஷத்துக்கு 5 மைக்ரோகிராம்னு ஆர்டர் இருக்கு, அதை ராத்திரி அவசரத்துல கிலோவுக்கு நிமிஷத்துக்கு 5ன்னு போட்டுட்டா 70 கிலோ ஆளுக்கு 350 மைக்ரோகிராம் போகும். 70 மடங்கு! ஹார்ட் லிமிட் இருந்தா அது அங்கேயே நின்னுடும். ஹெபாரின், இன்சுலின், பொட்டாசியம், மார்ஃபின் இதுக்கெல்லாம் ஹார்ட் லிமிட் வைக்காம விடவே கூடாதுங்கிறது என் கருத்து.

கேள்வி: எமர்ஜென்சில லைப்ரரில தேட நேரமில்ல, நேரா ரேட் போட்டு ஓட்டிடுறோம். தப்பா? (ஐசியூ நர்ஸ்)

சிஸ்டர், உங்க அவசரம் புரியுது, ஆனா நேரா ரேட் போட்ட அந்த நிமிஷத்துல இருந்து அது சாதா பம்ப் தான், ஒரு லிமிட்டும் வேலை செய்யாது. 2005ல அமெரிக்காவுல இதய ஆபரேஷன் ஆனவங்கள வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல ஸ்மார்ட் பம்ப் எச்சரிக்கைய ஆன் பண்ணியும் சீரியஸ் தவறுகள் குறையல, முக்கிய காரணமா அவங்க சொன்னது சுமார் கால்வாசி தடவை லைப்ரரிய பைபாஸ் பண்ணியே ஓட்டியிருக்காங்க.

இதுக்காக நர்ஸ திட்டுறது எனக்கு சுத்தமா பிடிக்காது. அவசரத்துக்கு வேணுங்கிற மருந்து நாலு ஸ்க்ரீன் தள்ளி இருந்தா யாரா இருந்தாலும் பைபாஸ் தான் பண்ணுவாங்க. எந்த மருந்து கிடைக்கல, எந்த கான்சன்ட்ரேஷன் லிஸ்ட்ல இல்லன்னு எழுதி பார்மசிக்கு குடுங்க, அதை சரி பண்ண வேண்டியது எங்க பொறுப்பு. இப்போதைக்கு ரேட் போட்டு ஆரம்பிச்சிருந்தாலும் நோயாளி கொஞ்சம் நிலையானதும் லைப்ரரி வழியா திரும்ப புரோகிராம் பண்ணிடுங்க, கூட இன்னொரு சிஸ்டர வச்சு செக் பண்ணிட்டு.

கேள்வி: ஒரே மருந்துக்கு ஷிஃப்ட் முழுக்க வார்னிங் வருது, எல்லாரும் ஓவர்ரைடு தான் பண்றோம்.

அப்போ லிமிட் தான் தப்பு. பம்ப் ஒவ்வொரு ஓவர்ரைடையும் பதிவு பண்ணி வச்சிருக்கும், அந்த ரிப்போர்ட்ட மாசா மாசம் எடுத்து டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட் மூணு பேரும் உக்காந்து பாக்கணும். சும்மா சும்மா வர்ற வார்னிங் பழகிப்போச்சுன்னா நிஜமான வார்னிங் வரும்போதும் கை தானா சரின்னு அழுத்திடும், எனக்கு ரொம்ப பயம் இதுல தான்.

கேள்வி: பேக்ல வேற மருந்து இருந்தா பம்ப் கண்டுபிடிக்குமா?

பிடிக்காது. நீங்க செலக்ட் பண்ணின பேரை தான் அது நம்பும். நோயாளி கைப்பட்டை, பேக், பம்ப் மூணையும் பார்கோடு ஸ்கேன் பண்ணி, ஆர்டர் கம்ப்யூட்டர்ல இருந்தே பம்புக்கு வர்ற மாதிரி இணைச்சா இந்த ஓட்டைய பெருமளவு அடைக்கலாம். எடைய தப்பா போட்டாலும் இதே கதை தான், லிமிட்டுக்குள்ள இருந்தா பம்ப் சத்தமே போடாது.

கேள்வி: ஆன்டிபயாட்டிக்க செகண்டரியா (மெயின் பேக் லைன்லயே இணைக்கிற ரெண்டாவது பேக்கா) போட்டா சில நேரம் அப்படியே இருக்கு, ஏன்?

மொதல்ல செகண்டரி க்ளாம்ப பாருங்க, மூடியே இருக்கும். அந்த நேரத்துல பம்ப் மெயின் பேக்ல இருந்து செகண்டரி ரேட்ல இழுத்துட்டு இருக்கும், ஸ்க்ரீன் எல்லாம் சரின்னே காட்டும். செகண்டரி பேக் மெயின் பேக்க விட உயரமா தொங்கணும். சொட்டு விழுதான்னு கண்ணால பாத்துட்டு தான் நகரணும்.

கேள்வி: அக்லூஷன் (ட்யூப் அடைப்பு) அலாரம் வந்தா மடிஞ்ச ட்யூப நேராக்கினா போதுமா?

வேகமா நேராக்கிடாதீங்க! அடைபட்டிருந்த அழுத்தத்துல தேங்கின மருந்து மொத்தமா உள்ள போயிடும், பிபி மருந்துன்னா ஆபத்து. மொதல்ல நோயாளி பக்கம் மூடி, அழுத்தத்த வெளிய விட்டுட்டு அப்புறம் திறங்க. கம்மி ரேட்ல ஓடும்போது இந்த அலாரம் வரவே ரொம்ப நேரம் ஆகும்கிறதையும் மனசுல வச்சுக்கோங்க.

கேள்வி: அப்பா பெட் பக்கத்துல இருக்கோம், பீப் அடிச்சா நாங்களே ஆஃப் பண்ணலாமா? வலி மருந்து பட்டன அவருக்காக அழுத்தலாமா?

ரெண்டும் வேண்டாங்க. பீப் அடிச்சா நர்ஸ கூப்பிடுங்க. வலி பட்டன அப்பா மட்டும் தான் அழுத்தணும், தூக்கத்துல இருக்கறவருக்கு வேற யாராவது அழுத்தினா மூச்சு குறைஞ்சிடும்.

கேள்வி: லிமிட் மாத்திட்டோம்னு மெயில் வந்துச்சு, எங்க வார்டு பம்புல இன்னும் பழசே காட்டுது? (நர்ஸ் இன்சார்ஜ்)

வைஃபைல அனுப்பினாலும் நிறைய மாடல்ல ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா தான் புது லைப்ரரி ஏறும், நோயாளிக்கு ஓடிட்டே இருக்கிற பம்ப் நாள் கணக்கா பழசுலயே இருக்கும். ஸ்டோர்ல சும்மா கிடக்கிறதையும் சேத்து வெர்ஷன் நம்பர் பாத்து லிஸ்ட் எடுங்க, பழசு எதெதுன்னு பம்ப பராமரிக்கிற பயோமெடிக்கல் ஆளுங்ககிட்ட இன்னைக்கே குடுத்துடுங்க.