மலையகத்தில் கடன் மதிப்பீட்டுத் தொழில்: கேள்வி பதில்

ஹட்டன்: உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்துள்ளேன். பட்டம் இல்லாமல் கடன் பிரிவில் சேர முடியுமா, ஐயா?

முடியும். நிதிக் கம்பனிக் கிளைகளில் உயர்தரப் பெறுபேற்றுடன் பயிலுநராகச் சேர்ந்து, வேலையில் இருந்தபடியே இலங்கை வங்கியாளர் நிறுவகத்தின் பரீட்சைகளை எழுதலாம். மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலையில் பாதி தோட்டப் பாதைகளில்தான் நடக்கும். தமிழ் உங்களுக்குப் பெரும் பலம் என்றாலும், கடன் குறிப்பு எழுத ஆங்கிலமும் கிளையில் பேசச் சிங்களமும் வேண்டும்.

தலவாக்கலை: கடன் மதிப்பீடும் கடன் கட்டுப்பாடும் ஒன்றா?

இல்லை. கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்ப்பது மதிப்பீடு. கொடுத்தது தவணைப்படி திரும்புகிறதா என்று கவனிப்பது கட்டுப்பாடு. கடன் எந்த இடத்தில் உடைகிறது என்பது வசூல் பக்கத்தில்தான் கண்ணுக்குத் தெரியும் என்பதால், முதலில் அங்கே பழகுவதையே நான் விரும்புவேன்.

மஸ்கெலியா: லயத்தில் குடியிருப்பவரிடம் காணி உறுதி இல்லை. எதை வைத்து மதிப்பிடுவது?

உறுதி இருந்தாலும் கடனை அடைப்பது வருமானம்தான்; ஆகவே சம்பளத் துண்டில் தொடங்குங்கள். ஒரு மாதத் துண்டு போதாது, பன்னிரண்டு மாதத் துண்டுகளையும் கேளுங்கள். நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்ட 2024 ஆம் ஆண்டின் கணக்கில், 24 பேர் (தோட்டக் கணக்கில் ஒரு பேர் என்பது ஒரு நாள் வேலை) விழுந்த மாதத்தில் 32,400 ரூபாய் வரும். வரட்சியில் கொழுந்து குறைந்து 14 பேர் மட்டும் விழுந்தால் 18,900. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் போக மிஞ்சுவது 17,388. உங்கள் தவணையை இந்த இரண்டாவது மாதம் தாங்குமா என்றே பார்க்க வேண்டும். சராசரியை நம்பித் தவணை போட்டால் பெப்ரவரி மாதத்தில் பாக்கி விழும்.

அடுத்து, துண்டின் கழிவுகளை வரி வரியாக வாசியுங்கள். கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கை சுத்தமாக இருந்த ஒரு குடும்பத்துக்கு ஒருமுறை நான் கடன் சிபாரிசு செய்தேன். தீபாவளி முற்பணம் மாதாமாதம் கழிபட்டுக்கொண்டிருந்ததையும், கடைக் கொப்பியில் அரிசி, மாவுக் கணக்கு நின்றதையும் நான் கேட்கவேயில்லை. மூன்றாவது தவணையிலேயே அவர்கள் தடுமாறினார்கள். தவறு முழுவதும் என்னுடையது. அந்த அறிக்கையில் வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் பெற்ற கடன்கள் தெரியும். சீட்டு, கைமாற்று, கடைக் கணக்கு அதில் ஏறுவதில்லை. அவர்கள் வீட்டில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைக் குடித்து, மரியாதையாகக் கேட்டால்தான் அவை வெளிவரும். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை பணம் அனுப்புவதாகச் சொன்னால், வங்கிப் புத்தகத்தில் பதிவான அளவை மட்டும் வருமானத்தோடு சேருங்கள்.

நுவரெலியா: மரக்கறி செய்பவருக்கு மாதத் தவணை பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. விதைத்து மூன்று மாதம் கழித்துத்தான் கரட் காசாகும். தவணையை அறுவடையோடு இணையுங்கள்.

பண்டாரவளை: வாசலில் நின்று சத்தம் போடும் வேலை என்கிறார்கள். மகளை அனுப்பப் பயமாக இருக்கிறது.

சத்தம் போடுவது கடன் கட்டுப்பாடு ஆகாது, அம்மா. தவணை தவறிய மறுநாளே தொலைபேசியில் காரணம் கேட்பதும், சம்பள நாளுக்கு ஏற்பத் திகதியை ஒழுங்குசெய்வதும்தான் அந்த வேலை. 90 நாள் நிலுவையான கடன் செயற்படாக் கடனாகிவிடும். அதை மீட்பது மிகக் கடினம் என்பதால், முதல் முப்பது நாளில் செய்கிற வேலைக்கே பலன் அதிகம். குடும்பக் கணக்கு தாய்மாரின் கையில் இருக்கிற வீடுகளில் உங்கள் மகளிடம் அவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். நேர்முகப் பரீட்சையில் இரண்டு விடயங்களை அவர் தயங்காமல் கேட்கட்டும்: இருட்டிய பிறகு தனியாக வசூலுக்கு அனுப்புவார்களா, பணம் வாங்கும் இடத்திலேயே பற்றுச்சீட்டு கொடுக்கும் முறை இருக்கிறதா.