நூலக அறிவியல் படித்தவர் தகவல் கட்டமைப்பைக் கற்பது எப்படி?

கேள்வி: மேலூரைச் சேர்ந்த நான் நூலக அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்று, மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் பணிபுரிகிறேன். இணையதளங்களின் தகவல் கட்டமைப்பையும் வலை (வெப்) பற்றிய கோட்பாடுகளையும் முறையாகப் படிக்க விரும்புகிறேன். கணினிப் பட்டம் இல்லாத நான் எங்கிருந்து தொடங்குவது? புரோகிராமிங் கட்டாயமா?

பதில்: புரோகிராமிங் கட்டாயமில்லை. ஓர் இணையதளத்தில் உள்ளவற்றை, தேடுபவருக்கு எளிதில் கிடைக்கும்படி பிரித்து, பெயரிட்டு, இணைப்பதே தகவல் கட்டமைப்பு. நீங்கள் ஏற்கெனவே கற்ற, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பகுப்பாக்கமே இத்துறையின் அடித்தளம். 1998-இல் வெளிவந்த இத்துறையின் முதன்மை நூலை எழுதிய லூயிஸ் ரோசன்ஃபெல்ட், பீட்டர் மோர்வில் இருவருமே நூலக அறிவியல் பயின்றவர்கள்தாம்.

முதலில் அரங்கநாதனிடம் திரும்புங்கள். சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையை நீங்கள் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். ஒரு பொருளை முன்பே செய்துவைத்த ஒரே பெட்டியில் அடைக்காமல், அதைப் பல கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி இணைத்துக்கொள்வதே அதன் சாரம். சுங்குடிச் சேலை விற்கும் ஓர் இணையதளத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் நிறத்தைக் கொண்டு தேடுவார், இன்னொருவர் கரையைக் கொண்டு தேடுவார், மற்றொருவர் விலையை மட்டுமே பார்ப்பார். மூவரும் ஒரே சேலையை அடைய வேண்டுமானால், அந்தத் தளத்துக்குத் தேவைப்படுவது அரங்கநாதன் காட்டிய வழிதான். இன்று ஃபில்டர் என்று நாம் அழைக்கும் வசதியின் கருத்து அதுவே.

அடுத்து வலையின் கோட்பாடுகள். தொடர்புடைய ஆவணங்களை இணைத்துப் படிக்க உதவும் கருவி ஒன்றைக் கற்பனை செய்து 1945-இல் அமெரிக்க அறிவியலாளர் வனிவர் புஷ் எழுதிய கட்டுரை, 1965-இல் ஹைபர்டெக்ஸ்ட் (இணைப்புகள் கொண்ட உரை) என்ற சொல்லை அறிமுகப்படுத்திய டெட் நெல்சனின் சிந்தனை, வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் செர்ன் என்னும் ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் அளித்த முன்மொழிவு ஆகிய மூன்றையும் இதே வரிசையில் படியுங்கள். மூன்றாவதை மிகவும் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆட்கள் வந்து வந்து போகும் ஓர் ஆய்வகத்தில் தகவல் தொலைந்துபோவதுதான் அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். கிளை பிரியும் மரம் போன்ற அடுக்கு அதற்குப் போதாது, எதையும் எதனோடும் இணைக்கக்கூடிய வலையே வேண்டும் என்று அவர் வாதிட்டார். அலமாரியில் ஒரு நூலுக்கு ஓர் இடம்தான் உண்டு. வலையில் ஒரு பக்கத்துக்கு எத்தனையோ வாசல்கள். நூலகராகிய நீங்கள் புதிதாகப் பழக வேண்டியது இந்த ஒரு வேறுபாட்டைத்தான். தேடுபொறி வழியாக வருபவர் முகப்பைப் பார்க்காமலே உள்பக்கத்தில் வந்து இறங்குவதால், தான் எங்கே நிற்கிறோம் என்பதை ஒவ்வொரு பக்கமும் அவருக்குச் சொல்லியாக வேண்டும். தெற்கு மாசி வீதி என்ற பெயரைக் கேட்டவுடனே, மீனாட்சியம்மன் கோயிலுக்கு எந்தத் திசையில், சித்திரை வீதிக்கும் ஆவணி மூல வீதிக்கும் அப்பால் நிற்கிறோம் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது அல்லவா? பக்கத் தலைப்புகளுக்கும் அந்தத் தெளிவு வேண்டும்.

பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் 1999-இல் எழுதிய தகவல் வேட்டைக் கோட்பாட்டை இதன்பின் படித்தால் எளிதில் பிடிபடும். விலங்கு மோப்பத்தை நம்பி இரை தேடுவதுபோல, மனிதர் இணைப்புச் சொற்களின் மணத்தை நம்பியே அடுத்த பக்கத்துக்குச் செல்கிறார் என்கிறது அது.

படிப்போடு நிற்காமல், அரசுச் சேவைகளுக்கு ஓர் இணையதளம் அமைப்பதாக எண்ணி, ஒரு பயிற்சியையும் தொடங்குங்கள். இதையே நான் பெரிதும் வலியுறுத்துகிறேன். தந்தையை இழந்த ஒருவர் இ-சேவை மையத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "அப்பா தவறிட்டாரு, நிலத்தை எங்க பேருக்கு மாத்தணும்" என்பதே அவர் அறிந்த வாக்கியம். ஆனால் நகரங்களில் இறப்புச் சான்றிதழ் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. வாரிசுச் சான்றிதழும் பட்டா மாற்றமும் வருவாய்த் துறையைச் சேர்ந்தவை. துறைவாரியாக அடுக்கிய பட்டியல் அலுவலகத்துக்கு வசதியாக இருக்கலாம். துக்கத்தில் இருப்பவருக்கு அது சுவர். இத்தகைய தேவைகளை, மக்கள் பேசும் சொற்களிலேயே, அட்டைக்கு ஒன்றாக 30 அட்டைகளில் எழுதுங்கள். வெவ்வேறு வயதும் தொழிலும் உள்ள 15 பேரிடம் தனித்தனியே கொடுத்து, சேர்ந்திருக்க வேண்டியவற்றைச் சேர்த்து அடுக்கச் சொல்லி, ஒவ்வொரு அடுக்குக்கும் அவர்களையே பெயரிடச் சொல்லுங்கள். இடையில் நீங்கள் விளக்கம் தரக் கூடாது. பலர் ஒன்றாகச் சேர்த்தவை உங்கள் பிரிவுகள். அவர்கள் சூட்டிய பெயர்கள் உங்கள் தலைப்புகள். எந்த அட்டையை வைத்துக்கொண்டு மிக நேரம் தயங்கினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்த அட்டைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வழி வைக்க வேண்டியிருக்கும். பிறகு அந்தத் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, வேறு சிலரிடம் நீட்டி, "பட்டா மாற்ற எங்கே போவீர்கள்?" என்று கேட்டுச் சோதியுங்கள்.

தொழில்நுட்பத்தில், வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல். மட்டும் இப்போதைக்குப் போதும். தலைப்பு நிலைகள், இணைப்புகள், பட்டியல்கள் ஆகியவற்றை எழுதிப் பழகினால் சில வாரங்களில் கைவந்துவிடும். வடிவமைப்பு மென்பொருள்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நூல்களுக்கு, புது நத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

பயிற்சியின் அட்டைகளையும் அடுக்குகளின் படங்களையும் உங்கள் முடிவுகளுக்கான காரணங்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள். நேர்காணலுக்குச் செல்லும்போது சான்றிதழோடு அவற்றையும் எடுத்துச் செல்லலாம்.