அம்மாவின் காலண்டர் தாள்கள்

கேள்வி: போன வருடம் அம்மா தவறிவிட்டார். என்னிடம் இருப்பது அவர் சேர்த்து வைத்த ஒரு பை காகிதம்தான். பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதிய தினசரி காலண்டர் தாள்கள், மருந்துச் சீட்டுகள், கடைசி வருடத்து ஈசிஜி தாள்கள். காகிதத்தை வெட்டி உருவங்கள் செய்யப் பழகியிருக்கிறேன். இவற்றைக் கொண்டு வாழ்க்கையின் நிலையாமையைச் சொல்ல ஆசை. உதிரும் இலை, அணையும் விளக்கு என்று வரைந்தும் வைத்திருக்கிறேன். தம்பியோ, "காகிதம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? எல்லாத்தையும் லேமினேட் பண்ணிடலாம்" என்கிறான். என்ன செய்யட்டும்? 
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ஈசிஜி தாளை லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். பெரும்பாலும் அதில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு தடவிய தாள் அது. இயந்திரம் சூட்டால்தான் கோடு போடுகிறது. லேமினேஷன் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும். சும்மா வைத்திருந்தாலும் வெயிலிலும் வெக்கையிலும் அந்தக் கோடு மங்கிக்கொண்டே வரும். அதனால் இன்றைக்கே ஸ்கேன் எடுத்து வையுங்கள். பரம்பரையாக வரும் நோய் இருந்தால் நாளைக்கு உங்கள் மருத்துவருக்கும் அது தேவைப்படும்.

அப்புறம் அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பாருங்கள். அம்மாவின் இதயம் துடித்தது அதில் பதிவாகியிருக்கிறது, அந்தப் பதிவும் தானாக அழிந்துகொண்டிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு இலையும் விளக்கும் எதற்கு வரைய வேண்டும்? அவற்றை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அவை யாருடைய அம்மாவுக்கும் பொருந்தும். பால் கணக்கு உங்கள் அம்மாவுடையது மட்டும்.

சோம்நாத் ஹோர் என்ற வங்கக் கலைஞரின் 'காயங்கள்' வரிசையைத் தேடிப் பாருங்கள். 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை நேரில் கண்டு, பட்டினியால் வாடியவர்களை வரைந்தவர். ஆனால் 1970களில் இந்த வரிசைக்கு வந்தபோது மனித உருவத்தையே விட்டுவிட்டார். களிமண் பலகையைக் கீறி, குத்தி, அதிலிருந்து சிமெண்ட் அச்சு எடுத்து, அச்சில் காகிதக் கூழை அழுத்திக் காயவைத்தார். வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே வெட்டும் குழியும் தெரியும். சிலவற்றில் மட்டும் லேசான செந்நிறம். அழுகிற முகம் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் பார்க்கிறவருக்கு உடம்பு கூசும். காகிதத்துக்கு என்ன நேர்ந்தது என்பதே அங்கே படம். உங்கள் கத்திக்கும் அந்த வேலையைக் கொடுங்கள்.

ஆனால் அம்மா எழுதிய தாளின் மேல் கத்தி வைக்காதீர்கள். அலிகாரில் பிறந்த கலைஞர் ஜரினா ஹஷ்மி 2004இல் 'வீட்டிலிருந்து கடிதங்கள்' என்ற அச்சுப்பட வரிசை செய்தார். பெற்றோரின் மறைவையும் வீட்டை விற்றதையும் பற்றி அவருடைய சகோதரி எழுதி, தபாலில் சேர்க்காமலே வைத்திருந்த உருதுக் கடிதங்கள் அவை. ஜரினா அந்தக் கையெழுத்தை அச்சுக்கு மாற்றிக்கொண்டு, அதன் மேல் வீட்டின் வரைபடம் போன்றவற்றைப் பதித்தார். நீங்களும் நகல் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.

ஒரு முறை சொல்கிறேன், செய்து பாருங்கள். காலண்டர் தாள் செய்தித்தாள் ரகம். மரக்கூழில் மிச்சமிருக்கும் லிக்னின் என்ற பொருள் வெயில் பட்டால் பழுப்பாகும். எதுவும் எழுதாத பழைய காலண்டர் தாள் ஒன்றை எடுங்கள். கறுப்பு சார்ட் அட்டையில் அம்மாவின் கையெழுத்தை, 'அரை லிட்டர்' என்று அவர் எழுதிய மாதிரியே, வெட்டி எடுங்கள். ஓட்டை விழுந்த அட்டையைத் தாளின் மேல் வைத்து, கண்ணாடியால் மூடி மொட்டை மாடியில் வையுங்கள். உங்கள் ஊர் வெயிலுக்கு அதிக நாள் ஆகாது. அட்டையை எடுத்தால் எழுத்து மட்டும் பழுப்பாகத் தெரியும். இப்போது அந்தத் தாளைக் கண்ணாடி போடாமல் வெளிச்சம் வரும் சுவரில் மாட்டுங்கள். மற்ற இடமும் மெல்ல மெல்லப் பழுக்க, எழுத்து அதற்குள் கரைந்துவிடும். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அது மறைவதன் வேறு வேறு கட்டத்தைப் பார்ப்பார்கள். ஒரு மாதத்துத் தேதிகள் அத்தனைக்கும் செய்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

நிலைக்க வேண்டியதற்குத் தாள் வேறு. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதம் போலப் பருத்திக் கூழில் செய்தது வாங்குங்கள். நீண்ட காலம் தாங்கும். தாளை ஒட்டுவதென்றால் ஒன்று: மைதாப் பசையில் பைண்டிங் கடைக்காரர்கள் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க. அது விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் வேண்டும். மருந்துச் சீட்டுகளை, நகல் எடுத்தபிறகு, ஊறவைத்து அரைத்துக் கூழாக்கலாம். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. அவை நோயின் காகிதங்கள்.

உங்கள் தம்பியின் மேல் கோபப்படாதீர்கள். அம்மாவின் ஒரு தாளும் இனிப் போய்விடக்கூடாது என்று பயப்படுகிறார், லேமினேஷன் என்ற பேச்செல்லாம் அதிலிருந்து வருவதுதான். பையை அவர் எதிரிலேயே பிரியுங்கள். தனக்கு வேண்டிய தாளை அவரே முதலில் எடுத்துக்கொள்ளட்டும். பேனாவால் எழுதிய காலண்டர் தாளாக இருந்தால், வெயில் படாத இடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு அவர் வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். மிச்சத்தை வைத்து நீங்கள் தொடங்குங்கள்.