புது மென்பொருளும் பழைய நோட்டும்

புகார்களைப் பதிய புது மென்பொருள் வந்து மூன்று மாதமாகியும் ஊழியர்கள் நோட்டில்தான் எழுதுகிறார்கள், சாயங்காலம் மொத்தமாக ஏற்றும்போது நேரத்தைக் குத்துமதிப்பாகப் போடுகிறார்கள், அபராதம் விதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

சமூக உளவியலாளர் கர்ட் லெவின் பார்வையில், ஒரு பழக்கம் நிலைத்திருப்பது தள்ளும் விசையும் தடுக்கும் விசையும் சமமாக இருப்பதால். அபராதம் தள்ளுவதை மட்டும் கூட்டும்; தடுப்பது அப்படியே இருக்க, இறுக்கம்தான் ஏறும். ஒரு புகாரை ஏற்ற எத்தனை திரை தாண்ட வேண்டும்? எதிரில் ஆள் கத்திக்கொண்டு நிற்கும்போது அது நடக்கிற காரியமா? அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க இல்லத்தரசிகளை மாட்டின் இதயம், சிறுநீரகம் சமைக்கவைக்க லெவின் முயன்றார். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர்தான் சமைத்தார்கள். கூடிப் பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம். உங்கள் பயிற்சி வகுப்பும் சொற்பொழிவுதானே?

எனக்கு அதிகம் உறுத்துவது அந்தக் கற்பனை நேரம்தான். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் சிதறியதை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன் இப்படிப்பட்டதை 'விலகல் இயல்பாகிப்போதல்' என்றார். முந்தைய பயணங்களில், ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் அரித்துப்போயும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் அரிப்பே சகஜமாகிவிட்டது. யாரும் கெட்டவராக வேண்டிய அவசியமே இல்லை.

முதலில், நேரம் தெரியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். பொய்யைவிட அது மேல். அப்புறம் அவர்களையே கூட்டி, எந்தத் திரையை வெட்டலாம் என்று கேளுங்கள்.