டிஸ்ப்ரொபோர்ஷனட் என்றால் வெறும் 'அதிகம்' இல்லை

"டிஸ்ப்ரொபோர்ஷனட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன, எங்கே பாவிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அகராதியைத் திறந்தால் 'விகிதாசாரமற்ற' என்று இருக்கும். கொழும்பில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிற நானும் அதையே கண்ணை மூடிக்கொண்டு போட்டு வந்தவன்தான், வெள்ளவத்தையில் ஒரு வீட்டு வாடகை ஒப்பந்தம் கைக்கு வரும்வரை. வாடகை இரண்டு நாள் பிந்தினால் அரை மாத வாடகை தண்டம் என்று அதில் இருந்தது. அதை எதிர்த்து எழுதிய ஆங்கிலக் கடிதத்தில் இந்தச் சொல். 'விகிதாசாரமற்ற தண்டம்' என்று எழுதிக் கொடுத்தேன். குடியிருந்த ஐயா வாசித்துவிட்டு, "தம்பி, விகிதாசாரம் எண்டா எலெக்‌ஷன் விஷயமெல்லோ?" என்றார். அவரில் பிழையில்லை. 1978 அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்த பிறகு இங்கே அந்தச் சொல் தேர்தலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வெட்டிவிட்டு 'இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டம்' என்று மாற்றினேன்.

அந்த 'இழப்புக்கு' என்பதுதான் முக்கியம். இரண்டு அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இந்தச் சொல்லுக்கு வேலை. அதனால்தான் ஆங்கிலத்திலும் பின்னால் 'டு' சேர்த்து, எதற்குப் பொருந்தவில்லை என்று சொல்வார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிறோமே, அச்சொட்டாக அதுதான். முக்கால் பணம் பெரிய காசா என்பதல்ல கேள்வி, கால் பணச் சாமானுக்கு அது பொருந்துமா என்பதுதான்.

மற்றது, குறைவாக இருந்தாலும் பாவிக்கலாம். மலைபோல் கொத்து ரொட்டி போட்டு அதற்குள் இரண்டே துண்டு கோழி வைத்தால் அதுவும் இதுதான். குற்றம் சொல்லத்தான் பாவிக்க வேண்டும் என்றும் இல்லை: 40 பேர் வகுப்பில் 10 பெண் பிள்ளைகள், பரிசு பத்தில் எட்டு அவர்களுக்கு என்றால், அவர்களுடைய எண்ணிக்கையோடு பார்க்கும்போது அது டிஸ்ப்ரொபோர்ஷனட். அதில் யாருக்கு என்ன குறை?

உச்சரிப்பு: கடைசி அசையை 'நேட்' என்று இழுக்க வேண்டாம், 'நட்' என்று குறுகும். இழுப்பது வேதியியல்காரர். ஹைட்ரஜன் பெரொக்சைட் நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிவதைச் சொல்ல இதையே வினைச்சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். ஏ.எல். வேதியியல் படிக்கிறவராக இல்லாவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.